நின்றுபோன கணினியும் நிறைவுறாத நிறுவலும்

இம் மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கியம் பற்றியோ நன்னூல் பற்றியோ ஒன்றாகவே இருந்திருக்கும். அத்தகைய கட்டுரைகளை என்னினும் வல்லார் பலர் எழுதியுள்ளனர். யான் ஈண்டு எழுதப் புகுவது வீட்டுக் கணினி ஒன்றிற் பணிசெயல் முறைமையை மீள நிறுவ முயன்று, அம் முயற்சி இடையில் முறிந்து, பின்னர் நிறைவேறிய வரலாறு. கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் நம் கல்லூரியில் இருக்கத் தமிழாசிரியன் இத்துறையிற் கைவைப்பது அடாது என எண்ணுவோர், முழுவதையும் படித்தபின் தீர்ப்புக் கூறுவார்களாக. இம் மலருக்கென வந்து சேர்ந்த கட்டுரைகளுட் பதினொன்று ஏறத்தாழ இரண்டு வாரம் இல்லாமற் போயிருந்தன என்பதையும் அவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

வெள்ளவத்தையில் எமது இல்லத்திலுள்ள மடிக்கணினி, கொரோனாத் தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடிக் கிடந்த 2021 ஆம் ஆண்டில், இணையவழி வகுப்புக்கென வாங்கியது. வீட்டார் அதனை 'லப்டொப்' என்றே வழங்குவர். 2025 ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில் ஒரு மாலை, இற்றைப்படுத்தல் நடந்துகொண்டிருக்கையில் யாரோ மூடியைச் சாத்திவிட்டனர். யார் என்பது இன்றுவரை ஐயத்துக்குரியது. அதன்பின் அக் கணினி, தன்னைத் தானே திருத்துவதாகக் கூறுவதும், திருத்த முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதும், மீண்டும் தொடங்குவதுமாக ஒரு வட்டத்துள் அகப்பட்டுக்கொண்டது. 'இக் கணினியை மீளமைக்க, என் கோப்புகளை வைத்திருக்க' என்று அதுவே காட்டிய வழியையும் முயன்றோம். 'மீளமைப்பதிற் சிக்கல் ஏற்பட்டது. மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை' என்பதே விடை. எஞ்சியது முழுமையான மீள்நிறுவல் ஒன்றே.

பணிசெயல் முறைமை என்பது யாது என இங்கே சிறிது கூறுதல் வேண்டும். கணினியின் உறுப்புக்களைக் கல்லூரிக் கட்டடமாகக் கொண்டால், பணிசெயல் முறைமை அதிபரும் அலுவலகமும் மணியடிப்பவரும் சேர்ந்த நிருவாகம். நாம் எழுதும் கடிதமும் எடுக்கும் படமும் நூலகத்துப் புத்தகங்கள் போன்றவை. நிருவாகம் சீர்குலைந்தாற் புத்தகங்கள் அழிந்துவிடுவதில்லை. ஆனால் இரண்டும் இருப்பது ஒரே கட்டடத்தில், அதாவது ஒரே வட்டில். நிருவாகத்தைப் புதுப்பிக்க வந்தவர் கட்டடத்தையே இடித்துக் கட்டுவேன் என்றால், நூலகத்தை முன்னரே வெளியேற்றிக்கொள்ள வேண்டும். மீள்நிறுவலில் வரும் இழப்புக்களெல்லாம் பெரும்பாலும் இந்த ஒன்றை மறந்ததனால் வருவன.

மீள்நிறுவல் எவ்வாறு நடைபெறுகின்றது? வேறொரு நல்ல கணினியில், மைக்ரோசொப்ற் நிறுவனத்தார் இலவசமாக வழங்கும் கருவியைக் கொண்டு, குறைந்தது 8 ஜிகாபைற் கொள்ளளவுள்ள பென் ட்ரைவ் ஒன்றில் நிறுவற் பிரதியை ஆக்கிக்கொள்ளுகிறோம். பழுதான கணினியை அந்தப் பென் ட்ரைவிலிருந்து தொடக்குகிறோம். அப்போது நினைவகத்தில் ஒரு சிறு தற்காலிக முறைமை எழுந்து நிற்கின்றது. அது முதலில் வட்டைத் தேடுகின்றது; பின்னர் அதிற் கோப்புகளைப் படியெடுக்கின்றது; அதன்பின் கணினியை மறுபடி தொடக்கி, உறுப்புக்களைத் தனித்தனி அறிந்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கின்றது. தேடும்போது நின்றதா, படியெடுக்கும்போது நின்றதா, மறுதொடக்கத்தின்பின் நின்றதா என்பதை அறிந்தாற் பாதி நோய் தெரிந்துவிடும். நோயையும் அதன் காரணத்தையும் நாடிய பின்னரே மருந்தை நாட வேண்டும் என்னும் ஒழுங்கை வள்ளுவர் மருந்து அதிகாரத்திற் கூறியிருக்கிறார். அக் குறளை இம் மலரின் வாசகருக்கு எடுத்தெழுத வேண்டியதில்லை.

எமது கணினி முதற் படியிலேயே நின்றது. எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் வட்டுக்களின் பட்டியல் இருத்தல் வேண்டும். அது வெறுமையாயிருந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு செய்தி காணப்பட்டது.

கணினியைக் கடையொன்றுக்குக் கொண்டுசென்றேன். அங்கிருந்த இளைஞர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "சேர், டிஸ்க் போயிற்று. புதுசு போடவேணும். உள்ளுக்கு இருந்ததை மறந்திடுங்கோ," என்றார். அவரைக் குறைகூற மாட்டேன். அவர் பார்த்த திரையைத்தான் யானும் பார்த்தேன். ஆயினும் 'மறந்திடுங்கோ' என்ற சொல் என்னை வருத்தியது. அக் கணினியிலிருந்த பதினொரு கட்டுரைகளுட் பத்தை எழுதியவர்களிடம் மறுபடி கேட்டுப் பெறலாம். ஒன்றைப் பெற இயலாது. நம் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் பழைய நாள்களைப் பற்றித் தம் நடுங்குங் கையால் முப்பத்திரண்டு பக்கங்கள் எழுதித் தந்தார். யான் தட்டச்சிட்டுவிட்டுக் கையெழுத்துப் பிரதியை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் மூன்று மாதத்தின் பின் காலமானார். வீடும் கைமாறிற்று. அந்தத் தாள்கள் எங்கே போயின என்பதை அவருடைய மக்களும் அறியார்.

வட்டை மாற்றாமற் கணினியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். இரவு, வேறு செய்வதறியாது, அத் திரையிலிருந்த ஆங்கில வாக்கியத்தைத் தாளில் எழுதி, வகுப்பிற் செய்வதுபோல எழுவாய் யாது, பயனிலை யாது என்று பார்த்தேன். அதன் பொருள் தமிழில் இது: 'வட்டு எதனையும் எம்மாற் கண்டுபிடிக்க இயலவில்லை. சேமிப்பக ட்ரைவரைப் பெற லோட் ட்ரைவர் என்பதை அழுத்துக.' எழுவாய் வட்டு அன்று. 'நாம்', அதாவது நிறுவும் முறைமை. பயனிலை 'இல்லை' என்பதுமன்று. 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்பது. காணாதவன் தன் காணாமையைக் கூறுகின்றானேயன்றிப் பொருளின் இன்மையைக் கூறவில்லை. இரண்டாம் வாக்கியமோ மருந்தையே கூறிவிடுகின்றது. கடைக்காரரும் யானும் முதல் வாக்கியத்தைப் பாதி படித்துவிட்டு வட்டுக்கு ஈமக்கடன் செய்யப் புறப்பட்டிருந்தோம்.

வட்டு உயிருடன் இருக்கின்றதா என்பதை அறிய எளிய வழியொன்றுண்டு. கணினியைத் தொடக்கும்போது எப்2 போன்ற ஒரு விசையை அழுத்தினால் (விசை எது என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும்) தாய்ப்பலகையின் உள்ளமைப்புத் திரை தோன்றும். முன்னாளில் இதனைப் பயொஸ் என்றனர். இக் கணினிகளில் உள்ளது யூ.ஈ.எப்.ஐ. எனப்படும். அது வட்டிலன்றித் தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் இருப்பதால், முறைமை அழிந்தாலும் அழியாது. அத்திரையில் எமது வட்டின் பெயரும் 512 ஜிகாபைற் என்ற அளவும் தெளிவாகக் காணப்பட்டன. தாய்ப்பலகை காணும் வட்டை நிறுவும் முறைமை காணவில்லை. எனவே குறை இரண்டுக்கும் இடையில் உள்ளது.

இடையில் உள்ளது யாது? இன்ரெல் நிறுவனத்தின் பதினோராந் தலைமுறைச் செயலிகள் 2020 ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவற்றைக் கொண்ட மடிக்கணினிகள் பல, வி.எம்.டி. என்னும் ஏற்பாடு இயக்கப்பட்ட நிலையிலேயே விற்கப்பட்டன. அஃது இயங்கும்போது முறைமை வட்டுடன் நேரே பேசாது. அந்த இடைத்தரகர் வழியாகவே பேசும். தரகரின் மொழியறிந்த ட்ரைவர் ஒன்று அதற்கு வேண்டும். (பஸ் ஓட்டுபவரைச் சாரதி என்கிறோம், உறுப்பை ஓட்டும் இந்த மென்பொருளையும் சாரதி எனலாம். ஆயினும் கொழும்பில் எவருக்கும் விளங்காது.) விற்பனைக்கு வரும்போது தொழிற்சாலையிலேயே அந்த ட்ரைவரை இட்டுவிடுவதால் வாங்கியவர் இதனை அறிவதில்லை. நாம் ஆக்கிய பொதுவான நிறுவற் பிரதியில் அது இருக்கவில்லை.

மடிக்கணினியை ஆக்கிய நிறுவனத்தின் இணையத்தளத்தில், எமது மாதிரி எண்ணின் கீழ், இன்ரெல் ரப்பிட் ஸ்ரோறேஜ் என்ற பெயரில் அந்த ட்ரைவர் கிடைத்தது. அதனை அப்படியே பென் ட்ரைவில் இட்டுக் காட்டியபோது நிறுவும் முறைமை ஏற்கவில்லை. பலரும் மயங்கும் இடம் இது. பதிவிறங்குவது கட்டிய பொதி. நிறுவும் முறைமைக்கு வேண்டுவது பொதியுள் இருக்கும், ஐ.என்.எப். என்று முடியும் பெயருடைய கோப்பும் அதன் துணைக் கோப்புகளும். வேறொரு கணினியிற் பொதியை அவிழ்த்து, உள்ளிருந்தவற்றை ஓர் உறையில் இட்டு, லோட் ட்ரைவர் மூலம் அவ்வுறையைச் சுட்டியதும், வெறுமையாயிருந்த பட்டியலில் வட்டும் அதன் பிரிவுகளும் வரிசையாக வந்து நின்றன. வேறொரு வழியாக உள்ளமைப்புத் திரையில் வி.எம்.டி.யை நிறுத்திவிடுவதும் உண்டு. புதிதாய் நிறுவுவோர்க்கு அது பொருந்தும். பழைய முறைமையைக் காப்பாற்ற எண்ணுவோர் அவ்வாறு செய்தால், அது ஒருபோதும் தொடங்காமற் போகவுங்கூடும்.

வட்டைக் கண்டவுடன் 'நெக்ஸ்ட்' என்பதை அழுத்தத் துடித்த விரலை மனைவி தடுத்தார். "முதல்ல அந்த மாஸ்ரருடைய கட்டுரையை எடுங்கோ," என்றார். சாதாரணமாக, பழைய பிரிவை அழிக்காமல் அதன்மேலேயே நிறுவினால், பழைய கோப்புகள் விண்டோஸ்.ஓல்ட் என்னும் உறையுள் ஒதுக்கப்படும். எமது பிரிவுக்கு அதுவும் இயலாது. அதன்மீது பிட்லொக்கர் என்னும் பூட்டு இருந்தது. யாம் அதனைப் பூட்டியதில்லை. மைக்ரோசொப்ற் கணக்கொன்றைக் கொண்டு முதன்முதல் உள்நுழையும்போது, இத்தகைய மடிக்கணினிகள் பல தாமே வட்டை மறைகுறியாக்கிப் பூட்டிவிடுகின்றன. திறவுகோலை அக் கணக்கிலேயே வைத்துவிடுகின்றன. திறவுகோல் என்பது 48 இலக்கங்கள், ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். அஃதின்றி உலகில் எவராலும் அந்த வட்டைப் படிக்க இயலாது. கள்வன் கையிற் கணினி அகப்பட்டால் இது காவல். உடையவன் கையில் அகப்பட்டால், அவன் 2021 இல் எந்த மின்னஞ்சலைக் கொடுத்தான் என்னும் ஞாபகப் பரீட்சை. எங்கள் வீட்டில் அது மனைவியின் பழைய மின்னஞ்சல். அதன் கடவுச்சொல் மறந்து, கைத்தொலைபேசி இலக்கத்தின் மூலம் மீட்டு, சனிக்கிழமை நள்ளிரவில் 48 இலக்கங்களையும் அப்பியாசக் கொப்பி ஒன்றில் எழுதி இருமுறை சரிபார்த்தோம். மின்கலம் நிறையட்டும் என்று மடிக்கணினியை மின்னிற் செருகிவிட்டு உறங்கினேன்.

மறுநாட் காலை, உபுண்டு என்னும் லினக்ஸ் முறைமையை இன்னொரு பென் ட்ரைவில் ஆக்கி, நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் முறையிற் கணினியைத் தொடக்கினேன். லினக்சுக்கு அந்த இடைத்தரகரைத் தெரியும். தனி ட்ரைவர் கேட்கவில்லை. வட்டைத் தொட்டதும் திறவுகோல் கேட்டது; 48 இலக்கங்களையும் கொடுத்ததும் திறந்தது. உறைகள் அனைத்தும் இருந்தன. வெளி வட்டு ஒன்றைச் செருகிப் படியெடுக்கத் தொடங்கினேன்.

அன்று 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் மின்விசிறி நின்றது. அயல்வீடுகளிலும் நின்றது. சிறிது நேரத்தில், இலங்கை முழுவதும் மின் தடைப்பட்டிருப்பதாகக் கைத்தொலைபேசி கூறிற்று. குரங்கொன்று மின்மாற்றியிற் பட்டதே காரணம் என்று பின்னர் செய்தி வந்தது. இராவணன் நாட்டிற் குரங்கு செய்யும் சேட்டை புதிதன்று என்று மனைவி சொன்னார். மடிக்கணினி தன் மின்கலத்தின் பலத்தாற் படியெடுத்தலைத் தொடர்ந்து நடத்தி, கடற்காற்று ஒன்றே துணையாக யாம் வியர்த்துக்கொண்டிருக்கையில், ஒன்றே கால் மணிக்கு முடித்தது. இரவே மின்னிற் செருகி வைத்திராவிடில் என்னாகியிருக்கும் என்று இன்றும் எண்ணுவதுண்டு.

என்னாகியிருக்கும் என்பதைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு அன்று மாலையே காட்டியது. அங்கு வாழும் முதிய பழைய மாணவர் ஒருவரின் வீட்டில், விண்டோஸ் 7 காலத்து மேசைக் கணினி ஒன்றில் அவருடைய பேரன் விண்டோஸ் 10 ஐ மீள நிறுவிக்கொண்டிருந்தான். யூ.பி.எஸ். இல்லை. படியெடுத்தல் முடிந்து மறுதொடக்கம் ஆன தறுவாயில் மின் போயிற்று. மின் வந்தபின், கணினி எதிர்பாராது மறுதொடக்கம் ஆனதால் நிறுவலைத் தொடர இயலாது என்று ஒரு செய்தி. 'ஓகே' என்றால் மறுபடி அதே செய்தி. இந்நிலையில் உள்ளே புகுந்து ஓர் எண்ணை மாற்றித் தொடரச் செய்யும் உபாயமும் உண்டு. அரைகுறையாய் எழுதப்பட்டதன்மீது கட்டுவதினும், முதலிலிருந்து தொடங்குவதே நன்று என்றேன். பேரன் தொடங்கினான். இம்முறை வேறொரு செய்தி வந்தது.

பெரியவர் தொலைபேசியிற் கேட்டார்: "தம்பி, டிஸ்க்கிலை எம்.பி.ஆர். எண்டு என்னவோ இருக்காம், அதாலை போடேலாதாம். எல்லாப் பிரிவையும் அழிச்சுப்போட்டு 'நெக்ஸ்ட்' அமத்தினால் சரியாம் எண்டு பெடியன் சொல்லுறான். அமத்தச் சொல்லட்டோ?"

"வேண்டாம் ஐயா. டி பிரிவிலை என்ன இருக்கு?"

"மகளின்ரை கலியாணப் படம். அவள் கனடாவிலை."

பேரன் கூறியது பிழையான வழியன்று. ஆயிரம் பேர் அவ்வாறே செய்கின்றனர், நிறுவலும் நடந்துவிடும். கலியாணப் படங்கள்தாம் இரா. செய்தியின் முழுப் பொருள் இது: தேர்ந்த வட்டின் பிரிவு அட்டவணை எம்.பி.ஆர். வகையினது, ஈ.எப்.ஐ. முறையில் தொடங்கிய கணினியிலோ ஜி.பி.டி. வகை அட்டவணையுள்ள வட்டிலேயே விண்டோசை நிறுவலாம். எம்.பி.ஆர். 1983 ஆம் ஆண்டுக் காலத்தது. நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கும் இரண்டு ரெறாபைற்றுக்கும் மேல் அறியாது. ஜி.பி.டி. அதன் புதிய வழித்தோன்றல். ஆகவே வட்டிலும் குற்றமில்லை, பென் ட்ரைவிலும் குற்றமில்லை. கணினி தொடங்கிய முறையும் வட்டின் அட்டவணையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே செய்தி. காலையிற் பொருந்தியது மாலையிற் பொருந்தாமற் போவானேன்? எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியலில், ஒரே பென் ட்ரைவ் இரண்டு வரிகளிற் காணப்படும். ஒன்றின் முன் யூ.ஈ.எப்.ஐ. என்றிருக்கும், மற்றதன் முன் இராது. காலையில் அவன் இரண்டாவதைத் தேர்ந்திருந்தான், மாலையில் முதலாவதை. மறுபடி தொடக்கி இரண்டாவதைத் தேரச் சொன்னேன். செய்தி வரவில்லை. சி பிரிவில் நிறுவப்பட்டது. டி பிரிவு தொடப்படவேயில்லை.

விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிவடைந்து, பதிவுசெய்வோர்க்கு ஓராண்டு நீடிப்பு மட்டும் அறிவிக்கப்பட்டது. எட்டாந் தலைமுறைக்கு முந்திய அக் கணினியை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. பெரியவர் அதனை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, படம் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கிறார்.

நிற்க. எமது மடிக்கணினிக்கு வருவோம். கோப்புகள் வெளி வட்டிற் பத்திரமாயின என்ற துணிவில், பூட்டிய பிரிவை அழித்து நிறுவலைத் தொடங்கினோம். மூன்றிலொரு பங்கு முடிந்தபோது, தேவையான கோப்பொன்று சிதைந்துள்ளது அல்லது இல்லை என்று நின்றது. இது படியெடுக்கும் போது வரும் நோய்; பெரும்பாலும் பென் ட்ரைவின் குற்றம். நடைபாதையில் மலிவாக வாங்கிய அதன்மீது 64 ஜிகாபைற் என்று பொறித்திருந்தது. உள்ளே அவ்வளவு இல்லாமல், உறையில் மட்டும் எழுதி விற்கப்படுவனவும் உண்டு. வேறொன்றில் ஆக்கியதும் தடையின்றி முடிந்தது. முடிந்து மறுதொடக்கமாகும்போது பென் ட்ரைவைக் கழற்ற மறந்தமையால், மீண்டும் முதலிலிருந்து மொழியைக் கேட்கத் தொடங்கியதும், நிறுவல் தோற்றதென்று ஒரு கணம் கலங்கியதும் வேறு கதை. இறுதியில் இணைய இணைப்பின்றித் தொடரேன் என்றது. வைபை ட்ரைவர் இல்லை. கைத்தொலைபேசியை யு.எஸ்.பி. வடத்தாற் பிணைத்து அதன் இணையத்தைக் கொடுத்தேன். அனுமதிச் சாவிக்கெனக் கடையிற் பணம் கேட்டாற் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் கூறிவிடுகிறேன். விண்டோசுடன் விற்கப்பட்ட மடிக்கணினிகளில், விண்டோஸ் 8 வந்த 2012 ஆம் ஆண்டு முதல், அச் சாவி தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கின்றது. அதே பதிப்பை நிறுவினால் அதுவே அறிந்துகொள்ளும்.

எல்லாம் நிறைவேறி, வெளி வட்டிலிருந்து அப் பெரியாரின் கட்டுரையைத் திறந்தேன். திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும். ஒரு தமிழ் எழுத்தேனும் இல்லை. அந்த இரு வாரத்தில் யான் உண்மையில் மனமுடைந்தது அக் கணத்திலேதான். படியெடுத்தல் கெட்டுவிட்டது, மூலத்தையும் என் கையாலேயே அழித்துவிட்டேன் என்று எண்ணினேன்.

எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் தெரிந்திருக்கும் விடை எனக்குத் தோன்றச் சற்று நேரம் பிடித்தது. யான் அதனைத் தட்டச்சிட்டது பாமினி எழுத்துருவில். இலங்கைத் தமிழர் நெடுங்காலம் பயன்படுத்திய அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்திருப்பது. கோப்பினுள் இருப்பன ஆங்கில எழுத்துகளின் எண்களே. பாமினி என்னும் கண்ணாடியூடாகப் பார்க்கும்போதுதான் அவை தமிழ். புதிதாய் நிறுவிய முறைமையிற் பாமினி இல்லை. யூனிகோட் முறையில் எழுதியிருந்தால் இந்தக் கலக்கம் நேர்ந்திராது. அதன் முதற்பதிப்பு வெளிவந்த 1991 ஆம் ஆண்டு முதலே தமிழுக்கென அதில் தனி இடங்கள் உண்டு. பழைய வெளி வட்டொன்றிலிருந்து பாமினியை எடுத்து நிறுவி, கோப்பை மறுபடி திறந்தேன். முப்பத்திரண்டு பக்கங்களும், அவர் இட்ட பிறைக்குறிகள் உட்பட, தமிழாய் வந்து நின்றன.

அதன்பின் அதனை யூனிகோட்டுக்கு மாற்றி, ஒரு படி மலர்க் குழுவின் மின்னஞ்சலுக்கும், ஒரு படி கனடாவிலுள்ள அவர் மகனுக்கும் அனுப்பினேன். தாளிலும் ஒரு படி அச்சிட்டுக் கல்லூரி நூலகத்திற் கொடுத்தேன். அக் கட்டுரை இம் மலரிலேயே வெளிவருகின்றது. மாற்றியபோது சில இடங்களில் 'கொ', 'கோ' மயங்கியிருக்கக் கண்டு திருத்தினேன். இன்னும் எங்கேனும் பிழை காணப்படின் அது என் கண்ணுக்குத் தப்பியது. எழுதியவரின் பிழையுமன்று, வட்டின் பிழையுமன்று.